தெருக்குட்டியைத் தத்துக்குத் தயார் செய்வது எப்படி: சென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

தெருவில் தவிக்கும் ஒரு நாய்க்குட்டியைச் சில வாரம் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல குடும்பம் கிடைத்ததும் ஒப்படைப்பதைத்தான் ஃபாஸ்டர் என்கிறோம். அன்பாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் எல்லோரும் இதில் இறங்குகிறோம். அன்பு வேண்டும்தான். ஆனால் நம்மிடம் இருப்பது இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிற பிள்ளை என்பதை முதல் நாளிலிருந்தே நினைவில் வைக்க வேண்டும். எங்கே படுக்க வைக்கிறோம், எதைக் கையால் ஊட்டுகிறோம், அழும்போது என்ன செய்கிறோம் என்று எல்லாமே அந்த நினைப்பில்தான் முடிவாகும்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில், இரண்டாவது மாடியில். இதுவரை 11 குட்டிகள் வந்து போயிருக்கின்றன. கீழே இருப்பது அவற்றிடமும், அவற்றுக்கு மருத்துவம் பார்த்தவர்களிடமும் கற்றது.

தூக்குவதற்கு முன்: அம்மா எங்கே?

குட்டி தனியாகக் கத்துகிறது என்பதற்காக அது அனாதை ஆகிவிடாது. தாய் நாய் இரை தேடிப் போயிருக்கும். நாம் பக்கத்தில் நின்றால் வரவும் பயப்படும். வண்டி போகாத ஓரமாகக் குட்டி இருந்தால் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். அந்தத் தெருவில் பூ விற்கிற அம்மா, வாட்ச்மேன், டீக்கடைக்காரர் யாரையாவது கேட்டால் தாய் இருக்கிறதா, வண்டியில் அடிபட்டுவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவர்தான் தினமும் பொறை ரொட்டி போடுகிறவராக இருப்பார்.

தாய் நன்றாக இருந்தால், எட்டு வாரம் வரை குட்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பால் மட்டும் இல்லை, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக்கூடக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் அது கற்கிறது. தாய்க்குச் சோறு வையுங்கள், குட்டிகள் மேல் மழை படாமல் ஒரு பெட்டி வையுங்கள், தத்து கொடுக்கும் வேலையை எட்டு வாரத்துக்குப் பிறகு தொடங்குங்கள். தாய் செத்துவிட்டது, குட்டிக்குக் காயம், யாரோ பையில் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் மட்டும் உடனே தூக்குங்கள்.

வயதைப் பல்லை வைத்துச் சொல்லலாம். பல்லே இல்லையென்றால் மூன்று வாரத்துக்குள். ஊசி மாதிரி சின்னப் பால் பற்கள் 28-ம் வந்திருந்தால் ஏறக்குறைய எட்டு வாரம். முன் பற்கள் விழுந்து பெரிய பல் முளைத்துக்கொண்டிருந்தால் நான்கு மாதம். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை நாய்க்குட்டிகளுக்கான பால் மாவைக் கரைத்து, குப்புற வைத்த நிலையிலேயே புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சிறுநீர் போகவே ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். முதல் முறை ஃபாஸ்டர் செய்கிறவர் இந்த வயதில் எடுக்க வேண்டாம், அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குட்டி வந்த மூன்றாம் நாள் அவர் வேண்டாம் என்றால் கஷ்டம் குட்டிக்குத்தான். அடுக்குமாடியில் சங்கம் செல்லப்பிராணிகளுக்கு ஒட்டுமொத்தமாகத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், முதல் மூன்று ராத்திரி அழுகையை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஏதாவது ஒரு அமைப்பு மூலம் எடுத்தால் மருத்துவச் செலவு யாருடையது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை வாரம், நீங்கள் ஊருக்குப் போனால் குட்டி எங்கே என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் ஒன்று ஒதுக்குங்கள். கதவு மூடக்கூடிய சின்ன அறை போதும். பால்கனியில் விடுவதாக இருந்தால் கம்பி இடைவெளிக்கு வலை கட்டாமல் விடாதீர்கள், இரண்டு மாதக் குட்டி நாம் நினைக்காத இடைவெளியில் நுழையும். மே மாதம் அக்னி நட்சத்திர நாட்களில் பால்கனியே வேண்டாம். சார்ஜர் ஒயர், எலி மருந்து, கொசுவத்திச் சுருள் எல்லாம் மேலே ஏறட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

மழையில் நனைந்த குட்டியைப் பார்த்ததும் கிண்ணத்தில் பால் ஊற்றத்தான் கை போகும். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குச் சாப்பாடு செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் சாப்பாடு. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், குட்டி விலகிப் போகவும் இடம் இருக்கட்டும். துவண்டு கிடந்தால் குளுகோஸைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் உண்ணியோ குடலில் இருக்கும் கொக்கிப்புழுவோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உண்ணி இருக்கும் இடங்கள் காதுக்குள், அக்குளில், கால் விரல் இடுக்கில். பொரி என்று ஒரு வெள்ளைக் குட்டி எங்களிடம் வந்தபோது ஒரு முன்னங்காலை ஊன்றாமலே நடந்தது. எலும்பு முறிவு என்றுதான் பயந்தோம். விரல்களைப் பிரித்துப் பார்த்தால் இடுக்கில் பட்டாணி அளவு உப்பிய நாலு உண்ணிகள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டோம். மறுநாள் நாலு காலிலும் ஓடியது. உண்ணியை நகத்தால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தடவவே கூடாது. உண்ணி மருந்தைக் குட்டியின் வயதும் எடையும் பார்த்து டாக்டர் எழுதித்தான் போட வேண்டும், பெரிய நாய்க்குப் போடும் மருந்து குட்டியைக் கொன்றுவிடும். புழு வைத்த புண் இருந்தாலும் அப்படித்தான், பினாயில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அன்றைக்குக் குளிப்பாட்டாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

டாக்டரும் ஊசியும்

வந்த 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். பக்கத்தில் நல்ல கிளினிக் இருந்தால் சரி. இல்லையென்றால் வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. காலையில் கூட்டம் அதிகம், சீக்கிரம் போங்கள். அங்கே குட்டியைத் தரையில் விட வேண்டாம், மடியிலோ பெட்டியிலோ வைத்திருங்கள். நோயுள்ள நாய்கள் வருகிற இடம்.

எடை தெரிந்தால்தான் மருந்தின் அளவு தெரியும். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி தராசில் ஒயர் கூடையை வைத்து, பூஜ்யம் ஆக்கி, குட்டியை உள்ளே உட்காரவைத்து எழுதிக்கொள்வோம். வாரம் இரண்டு தடவை. எடை ஏறாமல் நின்றால் ஏதோ சரியில்லை.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்து இரண்டு வார வயதிலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. முதல் தடவை மலத்தில் நூடுல்ஸ் மாதிரி புழு வரும், பயப்பட வேண்டாம். பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), டிஸ்டம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்) எல்லாம் சேர்ந்த தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று, நான்கு வார இடைவெளியில் குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும் வரை போடுவார்கள். ஏன் ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை என்றால், தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி பிடிக்காது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். எல்லாத் தேதியும் அட்டையில் ஏறட்டும், தத்து எடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது.

முதல் 14 நாள்: பார்வோ

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்களிடம் வந்த முதல் குட்டி இதில்தான் போனது. வந்த நாலாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெயிலுக்கு என்று நினைத்தோம். அன்று இரவு வாந்தி. காலையில் ரத்தம் கலந்த பேதி, மறக்கவே முடியாத ஒரு நாற்றம். டாக்டரிடம் போனபோது உடம்பில் தண்ணீரே இல்லை. முந்தின நாள் மதியமே போயிருக்க வேண்டும். தெருக்குட்டி ஒரு வேளை சாப்பாட்டை வேண்டாம் என்பதே செய்திதான். சோர்வும் சேர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பார்வோ கிருமியை நேரடியாகக் கொல்லும் மாத்திரை இல்லை. டிரிப்ஸ், வாந்தி நிறுத்தும் மருந்து, கூட வரும் கிருமிக்கு ஆன்டிபயாடிக் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் போனால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன.

கிருமி உடம்பில் நுழைந்து மூன்றிலிருந்து ஏழு நாளில், சில சமயம் இரண்டு வாரத்தில் வெளிப்படும். வரும்போது துள்ளிக் குதிக்கும் குட்டிக்குள்ளும் அது இருக்கலாம். அதனால் 14 நாள் உங்கள் வீட்டு நாயோடு சேர்க்காதீர்கள். தட்டு, துணி, செருப்பு எல்லாம் தனி. சாதாரண பினாயிலுக்கு இந்தக் கிருமி சாகாது, குட்டி தரையை நக்குவதால் பினாயிலே அதற்கு விஷம். ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், அழுக்கைத் துடைத்த பிறகு பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அதுவரை குட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல், பிறகு வாய் கோணி வெட்டி இழுப்பது டிஸ்டம்பர். அதற்கும் அதே அவசரம்.

சாப்பாடு

மூன்று மாதம் வரை நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று. குழைந்த சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் வேகவைத்த கேரட், இவை போதும். வேலைக்குப் போகிறவர்கள் குட்டிகளுக்கான பாக்கெட் உணவை ஊறவைத்துக் கொடுக்கலாம், சத்துக் கணக்கும் சரியாக இருக்கும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கெடுக்கும், தயிர் பரவாயில்லை. சாம்பார் சாதம் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு நான்கும் வீட்டில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறை பயிற்சிக்குப் பரிசாக ஒரு துண்டு, அவ்வளவுதான்.

பாத்ரூம் பழக்கம்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுச் சில நிமிடத்தில், விளையாடி முடித்ததும் கட்டாயம் போகும். அந்த மூன்று நேரமும் பேப்பர் விரித்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் அங்கேயே பாராட்டு, ஒரு துண்டு கோழி. தவறான இடத்தில் போய்விட்டால் திட்டுவதோ மூக்கைத் தேய்ப்பதோ வேண்டாம், அப்புறம் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

ஊரைப் பழக்குவது

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகியதை நாய் வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அந்த வாரங்கள் பெரும்பாலும் நம் வீட்டில்தான் கழிகின்றன. ஊசி முடியாமல் தெருவில் இறக்கக் கூடாது, ஆனால் அறைக்குள்ளேயே பூட்டியும் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் வழி, கையில் தூக்கிக்கொண்டு போவது. சாயங்காலம் குட்டியைத் துண்டில் சுற்றி வாசலில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், பர்தா போட்ட அக்கா, ஸ்கூல் பையோடு ஓடும் பிள்ளைகள், மாநகராட்சி குப்பை வண்டி, ஆட்டோ ஹாரன், தூரத்தில் மின்சார ரயில். ஒவ்வொன்றைப் பார்த்ததும் வாயில் ஒரு சின்னத் துண்டு. பயந்து நடுங்கினால் தள்ளிப் போய்விடுங்கள், பிடித்து வைத்துக் காட்டாதீர்கள்.

வீட்டுக்குள் பெரிய பயம் குக்கர் விசில். பொரி முதல் விசிலுக்கே பீரோவுக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது, வெளியே எடுக்க அரை மணி ஆனது. மறுநாளிலிருந்து, குக்கர் வைக்கும் நேரத்தில் சமையலறையிலிருந்து தள்ளி ஹாலின் கடைசியில் அதன் தட்டை வைத்தோம். விசில் வரும்போது தட்டில் முட்டைத் துண்டு விழும். தினம் இரண்டு அடி தட்டு நகர்ந்தது. பத்தாம் நாள் விசில் கேட்டதும் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. மிக்ஸி, காலிங் பெல், மேளம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். தீபாவளி வருகிறது என்றால் பட்டாசுச் சத்தத்தை போனில் மிக மெதுவாக வைத்து, சாப்பிடும் நேரத்தில், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டலாம்.

தினமும் காது, வாய், கால் விரல், வால் எல்லாவற்றையும் தொட்டுப் பழக்குங்கள். சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் போய் இன்னும் நல்லதாக ஒன்றைத் தட்டில் போடுங்கள், கை வந்தால் நல்லது வரும் என்று தெரிந்த நாய் உறுமாது.

முக்கியமானது தனியாக இருக்கப் பழக்குவது. முதல் சில இரவு அதன் கூடையை உங்கள் கட்டில் பக்கத்தில் வைத்து, பிறகு இரவுக்கு இரவு கதவுப் பக்கம் தள்ளுங்கள். பகலில் ஒரு நிமிடம் கதவை மூடித் திறங்கள், அப்புறம் ஐந்து, அப்புறம் அரை மணி. நாள் முழுக்க மடியில் வளர்ந்த குட்டிதான் புது வீட்டில் அழுது, ‘இது சரிப்படாது’ என்று திரும்பி வருகிறது.

கடி, கீறல்

குட்டி விளையாட்டாகக் கடிக்கும். கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீஸரில் வைத்த துணியைக் கொடுத்தால் பல் முளைக்கும் அரிப்புக்கு நல்லது. ஆனால் பல் பட்டு ரத்தம் வந்தால், கீறல் விழுந்தால், புண்ணில் எச்சில் பட்டால் குட்டிதானே என்று விடவே கூடாது. ஊசி போடாத குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற முடியாத நோய் அது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். அடிக்கடி ஃபாஸ்டர் செய்வதாக இருந்தால் முன்கூட்டியே போடும் தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போது தயார், யாருக்குக் கொடுப்பது

எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். 14 நாள் தாண்டி, கெட்டியாக மலம் போய், குறைந்தது ஒரு தடுப்பூசியாவது போட்டு, இரவு அழாமல் தூங்கினால் தயார்.

போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து குட்டியின் கண் உயரத்தில் எடுங்கள். கறுப்புக் குட்டியை வெளிர் நிறச் சுவர் முன்னால் எடுத்தால்தான் முகம் தெரியும். எழுதும்போது உண்மையை எழுதுங்கள். நாட்டு நாயைச் சிப்பிப்பாறை கலப்பு என்று சொல்லிக் கொடுத்தால், ஆறு மாதத்தில் ஏமாந்தோம் என்று அவர்களுக்குத் தோன்றும். பெண் குட்டி என்றால் நிறையப் பேர் தயங்குவார்கள். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம், அதற்கு நானே கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். 1959-லிருந்து சென்னையில் இயங்கும் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ், 1960-களிலேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. இந்த ஊருக்கு இது புதிதில்லை.

கேட்கிறவர்களிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். சொந்த வீடா, வாடகையா, ஓனர் சம்மதம் உண்டா? பகலில் யார் இருப்பார்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே? ராத்திரி எங்கே படுக்கும்? மொட்டை மாடியில் கட்டிப் போடுவோம், கேட் பக்கத்தில் காவலுக்கு என்று பதில் வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சர்ப்ரைஸ் என்றாலும் கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், நீங்களும் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும். ஒரு தடவை வாசல்வரை வந்த பாட்டி உள்ளே நுழையவே இல்லை, முகத்தில் அவ்வளவு பயம். பேரன் அழுதான். ஆனாலும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டியே ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனோடு வந்து குட்டியைத் தடவிப் பழகினார், இப்போது அந்த நாய் அவர் காலடியில்தான் படுக்கிறது.

கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அடையாள அட்டை நகல் வாங்குங்கள். அதில் இரண்டு வரி கட்டாயம்: கருத்தடை செய்கிறோம், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருகிறோம். தத்து எடுத்த தெரு நாய் மறுபடி தெருவுக்கு வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் லைசன்ஸுக்கு வெறிநோய் ஊசிச் சான்று தேவை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் நாள்

காலையில் கொடுங்கள், இருட்டும் முன் புது வீட்டை முகர்ந்து முடிக்கட்டும். ஊசி அட்டை, மூன்று நாளுக்கான அதே சாப்பாடு, அது படுத்த துவைக்காத துணி, நேர அட்டவணை எழுதிய தாள் கூடப் போக வேண்டும். கழுத்துப் பட்டை பயத்தில் கழன்றுவிடும், மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் போட்டு அனுப்புங்கள். முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, மூலையில் ஒதுங்கும், விருந்தாளிகளைக் கூப்பிட வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். அன்று இரவு ஒரு போன், மூன்றாம் நாள், முதல் வாரம், முதல் மாதம். அடுத்த ஊசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு மெசேஜ்.

வீடு திரும்பியதும் தட்டையும் பெட்டியையும் ப்ளீச் தண்ணீரில் ஊறப்போடுங்கள், துணிகளை வெயிலில் காயவிடுங்கள். இந்தக் குட்டிக்குப் பார்வோ வந்திருந்தால், ஊசி போடாத இன்னொரு குட்டியைப் பல மாதங்களுக்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், தடுப்பூசி முடிந்த பெரிய நாயை எடுக்கலாம். வரவில்லையென்றால் ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, ஒயர் கூடையைக் கழுவி மாட்டிவையுங்கள்.